பனியன் கம்பெனியின் கணக்கும் ஜாவாவின் அடுக்குகளும்

2025 செப்டம்பர் 22 அன்று ஆயத்த ஆடைகளுக்கான ஜிஎஸ்டி மாறியது. முந்தின நாள் வரை ஒரு பீஸின் விலை 1,000 ரூபாய்க்குள் இருந்தால் 5 சதவீதம், தாண்டினால் 12. அன்றிலிருந்து 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. உள்நாட்டு வியாபாரம் பார்க்கும் ஒரு திருப்பூர் பனியன் கம்பெனியின் பில்லிங் சாஃப்ட்வேரில் இது மிஞ்சிப்போனால் இரண்டு வரி மாற்றம். அந்த இரண்டு வரி எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் வேலை. பில் போடும் திரையில் பட்டனுக்குப் பின்னால் ஒரு முறை, சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் போடும் திரையில் ஒரு முறை, மாதக் கடைசி ரிப்போர்ட்டில் ஒரு முறை, டேட்டாபேஸுக்குள் யாரோ எப்போதோ எழுதிவைத்த புரொசீஜரில் ஒரு முறை என்று அதே விதி சிதறிக் கிடந்தால், மூன்றைத் திருத்திவிட்டு நான்காவதை விட்டுவிடுவோம். விட்டது ஆடிட்டர் சொல்லித்தான் தெரியவரும்.

மல்டி டயர், அதாவது பல அடுக்கு அப்ளிகேஷன் என்றதும் கல்லூரியில் மூன்று பெட்டி வரைந்து நடுவே அம்புக்குறி போடுவார்கள். பரீட்சைக்கு அது போதும். ஏன் மூன்றாகப் பிரித்தார்கள், பிரித்ததில் எந்தப் பெட்டிக்குள் எதை வைப்பது என்பதைப் படம் சொல்லாது. ஜாவா என்ற நிரல்மொழியில் பெரிய நிறுவனங்களுக்கான வலைச் செயலிகள் கட்டப்படும் முறையை, ஒரு தொழில் விதி எங்கே குடியிருக்க வேண்டும் என்ற கேள்வியை வைத்தே விளக்கிவிடலாம். மற்றதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவைதான்.

முதலில் தொழிலைப் பார்ப்போம். பனியன் உற்பத்தி பெரும்பாலும் ஒரே கூரைக்குக் கீழே நடப்பதில்லை. நூல் ஒரு மில்லிலிருந்து வரும். நிட்டிங் ஒரு தெருவில், சாயப்பட்டறை இன்னொரு ஊரில், காம்பாக்டிங், பிரிண்டிங் வேறு வேறு இடங்களில். கட்டிங் சொந்த யூனிட்டில் இருக்கும்; தைப்பது பெருமாநல்லூர்ப் பக்கமோ பல்லடம் பக்கமோ இருக்கும் பவர்டேபிள்காரர். செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிந்து பெட்டிக்குள் போகும்வரை சரக்கு எத்தனையோ கை மாறும். ஒவ்வொரு கைக்கும் ஒரு டெலிவரி சலான். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தரும் வெளியாளிடம், அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், இல்லையென்றால் அனுப்பிய தேதியிலேயே விற்றதாகக் கணக்கு என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவு. ஆக, எந்த லாட் யாரிடம் எத்தனை கிலோ இருக்கிறது என்பது ஓனரின் மனக்கணக்கில் நிற்கிற விஷயமாக இல்லை.

இந்தக் கணக்குக்கு வந்த முதல் தலைமுறை சாஃப்ட்வேர் ஃபாக்ஸ்புரோவிலும் விஷுவல் பேசிக்கிலும் எழுதப்பட்டது. ஆபீஸில் ஒரு சர்வர், அதில் டேட்டாபேஸ். ஒவ்வொரு மேசையிலும் உள்ள கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம், நேரே டேட்டாபேஸோடு பேசும். இதுதான் இரண்டு அடுக்கு. கேலி செய்ய ஒன்றுமில்லை. இன்னும் பல ஆபீஸ்களில் ஓடிக்கொண்டிருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. சிக்கல் எப்போது வருகிறது என்றால், விதி அந்த மேசைப் புரோகிராமுக்குள் இருப்பதால், வரி மாறினால் அத்தனை கம்ப்யூட்டரிலும் புதிய புரோகிராம் ஏற்ற வேண்டும். ஒரு மேசை விட்டுப்போனால் ஒரே கம்பெனி ஒரே நாளில் இரண்டு விதமாக பில் போடும். டேட்டாபேஸின் பாஸ்வேர்டும் எல்லா மேசையிலும் இருக்கும். தூரத்து யூனிட்டில் இருக்கும் சூப்பர்வைசரை உள்ளே சேர்க்கவும் வழியில்லை. டேட்டாபேஸை நேரே இன்டர்நெட்டில் திறந்து வைப்பது வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதுதான்.

நடுவில் ஒரு ஆளை உட்காரவைத்தால் இவை தீரும். பயன்படுத்துபவரிடம் பிரவுசர் மட்டும். டேட்டாபேஸோடு பேசும் உரிமை நடுவில் இருக்கும் அப்ளிகேஷன் சர்வருக்கு மட்டும். விதிகள் எல்லாம் அங்கே. இது மூன்று அடுக்கு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். டயர் என்பது தனித்தனியாக ஓடும் இயந்திரம் அல்லது புராசஸ். லேயர் என்பது ஒரே புரோகிராமுக்குள் நாம் போட்டுக்கொள்ளும் பிரிவு. கன்ட்ரோலர் (கோரிக்கையை வாங்குவது), சர்வீஸ் (தொழில் விதி), ரெபாசிட்டரி (டேட்டாபேஸோடு பேசுவது) என்று மூன்று பேக்கேஜ் போட்டுவிட்டு மூன்று டயர் கட்டிவிட்டேன் என்று இன்டர்வியூவில் சொல்கிறவர்கள் உண்டு. அவை மூன்றும் ஒரே ஜாவா புராசஸில், ஒரே டயருக்குள் ஓடும் லேயர்கள். டயரைப் பிரித்தால் நடுவே நெட்வொர்க் வரும். நெட்வொர்க் வந்தால் தாமதமும் அறுந்துபோகும் வாய்ப்பும் கூட வரும். லேயரைப் பிரிக்கக் காசு செலவில்லை, ஒழுங்கு மட்டும் வேண்டும்.

ஜாவா இதற்குள் வந்த வழி

ஜாவா 1.0 வந்தது 1996இல். அப்போது எல்லாரும் பேசியது பிரவுசருக்குள் ஓடும் ஆப்லெட்டைப் பற்றி. நிலைத்தது சர்வர் பக்கம். 1997இல் சர்வ்லெட் வந்தது: பிரவுசரிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கிப் பதில் தரும் ஒரு ஜாவா கிளாஸ், அவ்வளவுதான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய புராசஸைக் கிளப்பும் பழைய சிஜிஐ முறைக்குப் பதிலாக, ஓடிக்கொண்டிருக்கும் ஒரே புராசஸுக்குள் திரெட் திரெட்டாக (ஒரே நேரத்தில் ஓடும் இழைகளாக) கவனித்தது. அதன்பின் பக்கங்களை எழுத ஜேஎஸ்பி. 1999 டிசம்பரில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இவற்றையெல்லாம் கட்டி ஜே2இஇ என்று பெயரிட்டது.

அந்தக் கட்டில் நடுநாயகமாக வைக்கப்பட்டது இஜேபி (எண்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ்). தொழில் விதிகளை எழுதும் இடம் என்று சொல்லப்பட்டது. யோசனை சரி, நடைமுறை கொடுமை. ஒரு சாதாரண பீனுக்கு ஹோம் இன்டர்ஃபேஸ், ரிமோட் இன்டர்ஃபேஸ், பீன் கிளாஸ், அதற்குமேல் நீளமான எக்ஸ்எம்எல் விவரக்கோப்பு. பக்கத்தில் இருக்கும் கிளாஸைக் கூப்பிடக்கூட நெட்வொர்க் வழியே கூப்பிடுவதுபோல் சுற்றிப்போக வேண்டியிருந்தது. டயருக்கும் லேயருக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வடிவமைப்பே மறந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

ராட் ஜான்சன் 2002இல் எழுதிய ஒரு புத்தகத்தோடு தந்த நிரல் (கோடு) இதற்கு மாற்று காட்டியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்பிரிங், அதன் 1.0 பதிப்பு 2004 மார்ச்சில் வந்தது. விதியைச் சாதாரண ஜாவா கிளாஸில் எழுது, டிரான்சாக்ஷன், பாதுகாப்பு போன்றவற்றை ஃபிரேம்வொர்க் வெளியிலிருந்து சுற்றித் தரும் என்பது அதன் வழி. டேட்டாபேஸ் பக்கத்தில் டேபிள் வரிசைகளை ஜாவா பொருள்களாக மாற்றித்தரும் ஹைபர்நேட் வந்தது; 2001இல் கேவின் கிங் தொடங்கியது. ஜாவா இஇ (ஜே2இஇயின் பின்னாள் பெயர்) தரமும் சும்மா இருக்கவில்லை. 2006இல் வந்த ஐந்தாம் பதிப்பு எக்ஸ்எம்எல் சுமையைக் குறைத்து அனொட்டேஷன்களுக்கு (கோடிலேயே ஒட்டும் சிறு குறிப்புகளுக்கு) மாறியது. ஹைபர்நேட்டின் யோசனைகள் ஜேபிஏ என்ற பொதுத் தரமாயின. 2014இல் ஸ்பிரிங் பூட் வந்தபின் சர்வ்லெட்டுகளை ஓட்டும் சர்வரான டாம்கேட்டைத் தனியாக நிறுவ வேண்டிய அவசியமும் போனது; ஒரே ஜார் கோப்புக்குள் சர்வரும் சேர்ந்து வந்துவிடுகிறது.

படிக்கிறவர்களை இன்றும் அலைக்கழிக்கும் ஒரு பின்கதை உண்டு. சன்னை 2010இல் ஆரக்கிள் வாங்கியது. 2017இல் ஜாவா இஇயை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குத் தருவதாக அறிவித்தது. பெயரில் ஜாவா என்ற சொல்லைப் பயன்படுத்த உரிமை கிடைக்கவில்லை. அதனால் ஜகார்த்தா இஇ ஆனது. 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9இல் பேக்கேஜ் பெயர்களும் ‘ஜாவாஎக்ஸ்’ என்பதிலிருந்து ‘ஜகார்த்தா’ என்று மாறின. பழைய பாடத்தைப் பார்த்து எழுதிய சர்வ்லெட்டை டாம்கேட் 10இல் போட்டால் ஓடாமல் 404 (பக்கம் இல்லை) என்று காட்டுவதற்கு இதுவே அடிக்கடி காரணம். ஸ்பிரிங் பூட் 3 வந்தபோதும் (2022 நவம்பர்) அதே மாற்றம். கூடவே குறைந்தபட்சம் ஜாவா 17 வேண்டும் என்றது. பீளமேட்டிலோ பெருந்துறையிலோ லேபில் உட்கார்ந்து ஒரு மாணவர் பாதிப் பகலை இதில் தொலைத்தால் தவறு அவருடையதல்ல. பார்க்கும் பாடத்தின் வருடத்தை முதலில் பார்த்துவிட்டால் அந்தப் பாதிப் பகல் மிஞ்சும்.

ஒரு சலான் கடந்துபோகும் பாதை

குடோன்காரர் 500 கிலோ கிரே துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்புகிறார். திரையில் லாட் எண், எடை, பட்டறைப் பெயர் தட்டிவிட்டு சேவ் கொடுக்கிறார்.

பிரவுசர் அந்த விவரத்தை ஜேசான் என்ற எளிய உரை வடிவத்தில் கட்டி அனுப்பும். எடை பூஜ்யமா, லாட் எண் காலியா என்று பிரவுசரே பார்த்துச் சொல்லலாம். அது பயன்படுத்துபவரின் வசதிக்கு மட்டும். அனுப்பும் விவரத்தை யார் வேண்டுமானாலும் வழியில் மாற்றி அனுப்ப முடியும் என்பதால், சர்வரில் மறுபடி எல்லாம் சரிபார்க்க வேண்டும். ஒரு பவர்டேபிள்காரருக்கு பீஸ் ரேட் எவ்வளவு என்பதை பிரவுசர் அனுப்பிவைக்கும்படி வடிவமைத்தால், அவர் கேட்கும் கூலியை நாமே எழுதிக்கொடுத்த மாதிரி. ரேட் சர்வரில் தேடி எடுக்கப்பட வேண்டும்.

சர்வரில் கோரிக்கையை வாங்குவது கன்ட்ரோலர். நல்ல கன்ட்ரோலர் ஒல்லியாக இருக்கும்: வந்ததை வாங்கும், ஜாவா பொருளாக மாற்றும், சர்வீஸைக் கூப்பிடும், பதிலை அனுப்பும். இங்கே ஒரு இஃப் எழுதத் தோன்றினால், அது ஹெச்டிடிபி சம்பந்தப்பட்டதா தொழில் சம்பந்தப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளலாம். நாளைக்கே இதே சலானை ஒரு எக்செல் கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்ற வேண்டி வந்தால், தொழில் விதி கன்ட்ரோலரில் இருந்தால் அதை இன்னொரு முறை எழுத வேண்டும். சர்வீஸில் இருந்தால் கூப்பிட்டால் போதும்.

சர்வீஸில்தான் உண்மையான கதை. சலான் ஒரு வரிசையாகப் பதிய வேண்டும். குடோன் இருப்பில் 500 குறைய வேண்டும். சாயப்பட்டறை கையிருப்பில் 500 ஏற வேண்டும். இரண்டாவது நடந்து மூன்றாவது நடக்கும் முன் கரண்ட் போனால் 500 கிலோ துணி எந்தக் கணக்கிலும் இருக்காது. மூன்றும் நடக்க வேண்டும் அல்லது ஒன்றுமே நடக்கக்கூடாது. இந்த உத்தரவாதம்தான் டிரான்சாக்ஷன். ஸ்பிரிங்கில் அந்த மெத்தடின் தலையில் டிரான்சாக்ஷனல் என்ற அனொட்டேஷனை வைத்தால் போதும் என்பார்கள். முக்கால்வாசி உண்மை. அதே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொரு மெத்தடைக் கூப்பிட்டால் அந்த அனொட்டேஷன் வேலை செய்யாது. வெளியே சுற்றப்பட்ட ப்ராக்ஸி வழியே போகும் அழைப்புகளை மட்டுமே ஸ்பிரிங் பிடிக்கிறது. இன்னொன்று, செக்டு எக்செப்ஷன் (ஜாவாவில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டிய பிழை வகை) வந்தால் வழக்கமான அமைப்பில் அது ரோல்பேக் செய்யாது, அதாவது செய்ததை ரத்து செய்யாது; பாதியில் நின்றதை அப்படியே கமிட் செய்து நிலைப்படுத்திவிடும். சாதாரண நாளில் இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. கணக்கு உதைக்கும் நாளில்தான் தெரியும்.

இருப்பு 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 500 கிலோவை ஒரு பட்டறைக்கும், அதே நிமிடம் இன்னொருவர் 400 கிலோவை வேறொரு பட்டறைக்கும் அனுப்புகிறார். இருவர் திரையிலும் 800 இருக்கிறது. இருவருடைய சரிபார்ப்பும் தேறிவிடும். டிரான்சாக்ஷன் போட்டுவிட்டோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது. வழக்கமான டேட்டாபேஸ் அமைப்பில் இது நழுவிப்போகும். ஜேபிஏவில் அந்த இருப்பு வரிசைக்கு ஒரு வெர்ஷன் எண் வைக்கலாம். படித்தபோது 7ஆக இருந்த எண் எழுதும்போதும் 7ஆகவே இருந்தால்தான் எழுதும்; இடையில் வேறொருவர் மாற்றியிருந்தால் இரண்டாமவருக்குப் பிழை வரும். “இருப்பு மாறிவிட்டது, மறுபடி பாருங்க” என்று திரை சொன்னால் அவர் பார்த்துக்கொள்வார். இதற்கு மேலும், இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்று டேட்டாபேஸிலேயே ஒரு கட்டுப்பாடு வைப்பது நல்லது. விதி ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இரண்டு இடத்தில் வைக்கச் சொல்கிறேனே என்றால், எதிர்மறை இருப்பு என்பது தொழிலில் எந்தக் காலத்திலும் சாத்தியமில்லாதது. அரசு அறிவித்தாலும் மாறாத உண்மைகளை டேட்டாபேஸில் கட்டலாம். மாறக்கூடியவை சர்வீஸில் இருக்கட்டும்.

வரி விகிதம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 5, 18, 2,500 என்ற எண்களை ஜாவாவில் எழுதினால் அடுத்த மாற்றத்துக்கு மறுபடி கோடு திறக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்த விலை வரை எத்தனை சதவீதம் என்று ஒரு டேபிளில் வைப்பதே சரி. ஆனால் செப்டம்பர் 10இல் விற்ற சரக்கு அக்டோபரில் திரும்பி வந்தால் எந்தத் தேதியை வைத்து விகிதத்தைத் தேடுவது? கிரெடிட் நோட் பழைய பில்லின் வரியைத் திருத்துகிறது. அதனால் பழைய பில்லின் தேதி. இந்த முடிவை டேபிளில் எழுத முடியாது. அது சர்வீஸில் ஒரு மெத்தட், அதற்கு ஒரு யூனிட் டெஸ்ட். பிரவுசரும் வேண்டாம், டேட்டாபேஸும் வேண்டாம். தேதியும் விலையும் கொடுத்தால் வரி சரியாக வருகிறதா என்று கண்மூடித் திறப்பதற்குள் பார்த்துவிடலாம். லேயர் பிரித்ததன் பலன் இங்கேதான் கையில் கிடைக்கிறது.

பணத்துக்கு டபுள் என்ற தோராயத் தசம எண் வகை வேண்டாம், துல்லியமான பிக்டெசிமல். 0.1ஐயும் 0.2ஐயும் டபுளில் கூட்டினால் 0.30000000000000004 வரும். பீஸுக்கு இத்தனை பைசா என்று கூலி போடும் ஊரில் இது விளையாட்டில்லை.

சனிக்கிழமை சாயங்காலம்

வாரக் கூலி சனிக்கிழமை. காண்ட்ராக்டர்கள், சூப்பர்வைசர்கள், ஆபீஸ் எல்லாரும் ஒரே நேரத்தில் கூலி ரிப்போர்ட்டைத் திறக்கிறார்கள். வாரம் முழுக்கச் சிட்டாகப் பறந்த சாஃப்ட்வேர் அப்போது மட்டும் திணறும். உடனே பெரிய சர்வர் வாங்கலாமா என்று பேச்சு எழும். பெரும்பாலும் தேவைப்படாது.

அப்ளிகேஷன் சர்வர் டேட்டாபேஸோடு பேச ஒவ்வொரு முறையும் புதிய இணைப்பு திறப்பதில்லை; திறந்த இணைப்புகளை ஒரு பூலில் வைத்து எடுத்துக்கொடுக்கும். ஸ்பிரிங் பூட்டில் இந்த வேலையைச் செய்வது ஹிகாரி. நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் பூலில் அதிகபட்சம் 10 இணைப்புகள். ஆனால் டாம்கேட் 200 திரெட் வரை கோரிக்கைகளை உள்ளே விடும். பத்து ரிப்போர்ட் பத்து இணைப்பையும் பிடித்துக்கொண்டால் பதினோராவது ஆள் வரிசையில் நிற்பார். 30 வினாடிக்குள் இணைப்பு கிடைக்காவிட்டால் பிழை. பூலை 200 ஆக்கிவிடலாமே என்றால், போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் தன் இயல்பில் 100 இணைப்புக்கு மேல் ஏற்காது. ஏற்றும்படி மாற்றினாலும் டிஸ்க்கும் சிபியுவும் அதே அளவுதான். நெரிசல் ஒரு அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு இடம் மாறும்.

அந்த ரிப்போர்ட் ஏன் இவ்வளவு நேரம் இணைப்பைப் பிடித்திருக்கிறது என்று பார்ப்பதுதான் சரியான இடம். ஹைபர்நேட்டில் முந்நூறு தையல்காரர்களின் பட்டியலை எடுத்துவிட்டு, லூப்புக்குள் ஒவ்வொருவரின் வேலைப் பதிவையும் தொட்டால், முதலில் ஒரு கேள்வி, அப்புறம் முந்நூறு கேள்வி டேட்டாபேஸுக்குப் போகும். கோடில் பார்த்தால் அப்பாவி லூப். எஸ்க்யூஎல் லாகைத் திறந்து பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். ஜாயின் போட்டு ஒரே கேள்வியாக ஆக்கினால் ரிப்போர்ட் சில நேரம் ஒரு வினாடிக்குள் வந்துவிடும். லேயர்கள் ஒன்றிடமிருந்து ஒன்று விவரத்தை மறைக்கின்றன. அதுதான் அவற்றின் பலம், இந்த மாதிரி நாளில் அதுவே வம்பு. 2023இல் வந்த ஜாவா 21இன் விர்ச்சுவல் திரெட்கள் திரெட் பற்றாக்குறையைத் தீர்க்கும். டேட்டாபேஸ் இணைப்புப் பற்றாக்குறையைத் தீர்க்காது.

உண்மையிலேயே இரண்டாவது அப்ளிகேஷன் சர்வர் தேவைப்பட்டால், லாகின் விவரம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் சர்வரின் நினைவகத்தில் செஷன் இருந்து, அடுத்த கிளிக் இரண்டாவது சர்வருக்குப் போனால், மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். செஷனைப் பொதுவான ஓரிடத்தில், ரெடிஸ் என்ற நினைவகச் சேமிப்பிலோ டேட்டாபேஸிலோ, வைத்துவிட்டால் எத்தனை சர்வர் வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

எங்கே நிறுத்துவது

கோயமுத்தூரில் சரவணம்பட்டிப் பக்கம் வேலைக்குப் போகும் பையன்களும் பெண்களும் முதல் புராஜெக்டிலேயே மைக்ரோசர்வீஸை, அதாவது ஒரு செயலியைத் தனித்தனியாக ஓடும் சிறு சர்வீஸ்களாகப் பிரிக்கும் முறையை, பார்த்துவிடுகிறார்கள். அங்கே நூறு பேர் சேர்ந்து கட்டும் செயலிக்கு அது பொருந்தலாம். ஊருக்குத் திரும்பி மாமா கம்பெனிக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதும்போதும் அதையே செய்தால் வில்லங்கம். இருப்புக்கு ஒரு சர்வீஸ், சலானுக்கு ஒரு சர்வீஸ், தனித்தனி டேட்டாபேஸ் என்று பிரித்த உடனே, 500 கிலோ கதையில் நமக்கு இலவசமாகக் கிடைத்த டிரான்சாக்ஷன் கையை விட்டுப் போகிறது. சலான் பதிந்துவிட்டது, இருப்பு சர்வீஸ் பதில் சொல்லவில்லை. இப்போது சலானை ரத்து செய்யும் கோடு எழுத வேண்டும், அந்த ரத்தும் தோற்றால் என்ன என்று இன்னொரு கோடு. நான்கு பேர் பராமரிக்கும் செயலியில் இந்தச் செலவுக்கு வரவு கிடையாது என்பது என் கருத்து.

நடுத்தர அளவு கம்பெனிக்கு ஒரே ஜார், உள்ளே நூல், ஜாப் ஒர்க், தையல், கூலி, பில்லிங் என்று தெளிவாகப் பிரித்த பேக்கேஜ்கள், ஒரு போஸ்ட்கிரஸ், அதன் பேக்கப் வேறொரு கட்டிடத்தில்: இது பல வருடம் தாங்கும். கூலி பேக்கேஜ் இருப்பு டேபிளை நேரே தொடக்கூடாது, இருப்பு சர்வீஸைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்ற ஒழுக்கத்தை மட்டும் காத்துக்கொண்டால், பின்னால் பிரிக்க வேண்டி வந்தாலும் கோடு இடம் கொடுக்கும். அப்படி வருவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. வெளிநாட்டு பையர் தன் ஆர்டர் நிலவரத்தைத் தானே பார்க்க ஒரு போர்ட்டல் கேட்கிறார் என்றால், வெளி ஆட்கள் நுழையும் அந்தப் பகுதியை உள் கணக்கிலிருந்து தனி டயராகப் பிரிப்பது பாதுகாப்புக்கு அவசியம். சனிக்கிழமை ரிப்போர்ட்டுகள் எல்லாத் திருத்தத்துக்குப் பின்னும் பகல் நேர சலான் பதிவை மெதுவாக்கினால், படிக்க மட்டும் ஒரு டேட்டாபேஸ் நகலை வைத்து ரிப்போர்ட்டை அங்கே திருப்பலாம். நகல் ஒரு சில வினாடி பின்தங்கியிருக்கலாம். கூலிக்கணக்கு பார்க்க அது உறுத்தாது. குடோன் இருப்பை மட்டும் அங்கிருந்து படிக்கக்கூடாது.